கடல் தாண்டிய கால்

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு பழைய மிளகுக் கிடங்கில் அந்த மெக்சிகோ கைவினைக் கண்காட்சி. டிக்கெட் கொடுப்பது நான், கூட்டித் துடைப்பது பேச்சியம்மாள். காயல் காற்று வந்தால் கூரையடியில் கட்டிய காகிதத் தோரணங்கள் அலையும். அவற்றின் துளைகள் வழியே ஒழுகும் வெளிச்சத்தில், காட்சிக்கு வைத்த, சிறகு முளைத்த மரப்பொம்மை முயல்கள் மூச்சுவிடுவது போலவே இருக்கும். பேச்சி துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிடுவாள். நான் கத்தினால்தான் அசைவாள்.

அவள் கணவர் ராமர் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் மீன்பெட்டி சுமந்தவர். வழுக்கி விழுந்து கால் முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியும், பயத்தில் மனுஷர் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. பேச்சிக்கு எந்நேரமும் அதே நினைப்பு.

சுவரில் ஒரு மரப்பலகை. அதில் விரல் நீளத்துக்குத் தகரத்தில் வெட்டிய கை, கால், கண், இதயம் எல்லாம் அடித்திருக்கும். ஒரு நாள் காலையில் பார்த்தால், அதில் ஒரு காலுக்கு மட்டும் மஞ்சளும் குங்குமமும்!

"ஐயோ, என்னடி பண்ணி வெச்சிருக்கே? இது காட்சிக்கு வெச்ச சாமானாக்கும்!"

"எங்க ஊரு அம்மன் கோயில்ல கண்ணு, காலெல்லாம் வாங்கி உண்டியல்ல போடுவோம்லா சுபாக்கா. இதுவும் நேர்ச்சைன்னு நெனச்சேன். அவுக எந்திரிச்சு நடக்கணும்னு நானும் நேந்துகிட்டேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எந்த சாமிக்கு நேந்தே? அதாவது தெரியுமோ?"

"எனக்குத் தெரியாதுக்கா. சாமிக்குத் தெரியும்லா?"

அந்தப் பலகையைச் செய்த மெக்சிகோக்காரி ரோசாலியா பின்னால் வந்து நின்றாள். போச்சுடா என்று நினைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விஷயத்தைச் சொன்னேன். அவர்கள் ஊரிலும் வேண்டிக்கொண்டு இப்படித்தான் புனிதர் சிலையில் மாட்டுவார்களாம். இவை வெறும் காட்சிக்குச் செய்தவையாம். சொல்லிக்கொண்டே அந்தக் காலைக் கழற்றிப் பேச்சியிடம் நீட்டினாள்.

பேச்சி கையை இழுத்துக்கொண்டாள். "நேந்தத வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதுன்னு சொல்லுங்கக்கா."

சொன்னேன். ரோசாலியா குங்குமம் கலையாமல் அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

கண்காட்சி முடிந்து, பெட்டிகள் வல்லார்பாடத்தில் கப்பலேறின. மழைக்காலத்தில் என் போனுக்கு ஒரு படம் வந்தது. ரோசாலியாவின் ஊர்த் தேவாலயத்தில், புனிதரின் அங்கியில் அந்தக் கால் தொங்கியது. குங்குமம் அப்படியே இருந்தது. பேச்சியின் வீட்டுக்கு ஓடினேன்.

ராமர் கட்டிலில் உட்கார்ந்து படத்தை வெகுநேரம் பார்த்தார். "இதா என் காலு?"

"ஆமா. ஒங்க காலு கடல் தாண்டிப் போயாச்சு. நீங்க வாசல் வரைக்கும் வரக் கூடாதாக்கும்?" என்றாள் பேச்சி, வாசலில் நின்றபடி.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே சுவரைப் பிடித்தார். பாதம் தரையில் பட்டது.

"பேச்சி, பிடிச்சுக்கோடி!" என்று கத்தினேன்.

"சும்மா இருங்கக்கா," என்றாள் அவள். "வரட்டும்."