சிவனாண்டியின் மூன்றாம் வருடக் கொரில்லா

தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலிலிருந்து நிலக்கரி இறங்கும்போது, கீழே நின்று கிரேன்காரருக்குக் கை காட்டுபவர் சிவனாண்டி. வயது ஐம்பத்திரண்டு. அவர் நேரத்துக்கு வேலைக்கு வந்தார் என்று யாரும் சொன்னதில்லை. கையைத் தப்பாகக் காட்டினார் என்றும் யாரும் சொன்னதில்லை. இரண்டாவதை மட்டும் நற்குணமாகக் கொள்ளலாம்.

மனைவி சங்கரம்மாள் டெங்கு காய்ச்சலில் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவள் பிழைத்தால் மூன்று தசராவுக்குக் கொரில்லா வேஷம் கட்டி, வீடு வீடாகக் காணிக்கை எடுத்துச் செலுத்துவதாகக் குலசை முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டார். ராஜா வேஷத்துக்கு நிமிர்ந்து நடக்க வேண்டும். போலீஸ் வேஷத்துக்குத் தெருவில் ஏற்கெனவே ஆறு பேர் இருந்தார்கள். கொரில்லாவுக்கு முகம் மூடியிருக்கும். வீடு வீடாகக் காணிக்கை கேட்கும்போது துறைமுகத்து ஆட்களுக்கு அடையாளம் தெரியாது. பக்தியில் கொஞ்சம் முன்யோசனையும் இருந்தது. சங்கரம்மாள் எழுந்துவிட்டாள். மூன்றில் இரண்டு தசரா முடிந்தன.

மூன்றாம் வருடம் கையில் விரதக் காப்புக் கட்டிய பிறகு, வேஷத்தோடு முதல் நாள் தெருவில் இறங்கினார். தெருக்கோடியில் ஈவாஞ்சலின் டீச்சர் வீடு. சாத்தான்குளத்துக்காரர், பள்ளியில் உயிரியல் நடத்துபவர். வேதக்காரக் கிறிஸ்தவ வீடு என்பதால் சிவனாண்டி அங்கே காணிக்கை கேட்பதில்லை, தண்ணீர் மட்டும் கேட்பார். செம்பை நீட்டிய டீச்சர் அவரைச் சுற்றி வந்து பார்த்தார்.

“அண்ணாச்சி, கொரில்லாவுக்கு வால் கிடையாது.”

தையல்காரர் அற்புதமணி தைத்துக் கொடுத்த வால் மூன்றடி நீளம். சிவனாண்டி அதைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கொரில்லாவுக்கும் நமக்கும் பொதுவான மூதாதையருக்கு வால் போய் இரண்டரைக் கோடி வருடம் இருக்கும் என்றார் டீச்சர். கொரில்லா வம்சமும் நம் வம்சமும் பிரிந்ததே பிறகுதான், சுமார் ஒரு கோடி வருடத்துக்கு முன்னால். ஆகவே அது நமக்குத் தாத்தா இல்லை, பங்காளி.

“அப்பம் ரெண்டு வருசம் நான் என்னவாப் போனேன்?”

“குரங்காப் போயிருக்கிய.”

அன்று அவர் அடுத்த வீட்டுக்குப் போகவில்லை. போன இரண்டு வருடமும் கணக்கில் சேராவிட்டால், இன்னும் இரண்டு தசரா ஆட முட்டி இடம் தராது என்பது ஒரு கவலை. பெரிய கவலை வேறு. சங்கரம்மாளின் உயிர் கொரில்லாவுக்காகத் திரும்பி வந்தது. குரங்குக்கு அம்மன் எதுவும் ஒப்புக்கொள்ளவில்லை.

அற்புதமணியிடம் போய்ச் சண்டை பிடித்தார். வால் இல்லாவிட்டால் கரடி என்பார்கள், எல்லாம் தொழில் தெரிந்துதான் தைத்தேன் என்றார் அவர். தசரா குழுத் தலைவர், மனசில் கொரில்லாவை நினைத்தீர்கள், அம்மனுக்குத் தெரியாதா என்று சமாதானம் சொன்னார்.

“நான் மனசுல வலதுன்னு நெனைச்சிக்கிட்டு இடது கையக் காட்டுனா, நிலக்கரி எங்கன விழும்?” என்றார் சிவனாண்டி. எண்ணம் பெரிதா செயல் பெரிதா என்று பெரிய மூளைகள் ஆயிரமாயிரம் பக்கம் எழுதியிருக்கின்றன. யாரும் கிரேனுக்குக் கீழே நின்று எழுதவில்லை.

வாலை வெட்டி எடுத்துக்கொண்டு சங்கரம்மாளோடு மறுபடியும் டீச்சர் வீட்டுக்குப் போனார். கொரில்லாவுக்கு எந்தக் காலத்திலுமே வால் கிடையாதா என்று கேட்டார். டீச்சர் உண்மையை மறைக்கத் தெரியாதவர். தாய் வயிற்றில் கரு சின்னதாக இருக்கும்போது சில வாரம் வால் இருக்கும், பிறகு அதுவே மறைந்துவிடும், நமக்கும் அப்படித்தான் என்றார்.

சிவனாண்டி கையிலிருந்த வாலைச் சுருட்டினார். பிறகு, “அப்பம் ரெண்டு வருசமா நான் வயித்துக்குள்ள இருந்திருக்கேன்” என்றார்.

“வயித்துப் பிள்ளை வீடு வீடாப் போயி காணிக்கை கேக்குமோ?” என்றாள் சங்கரம்மாள்.

கரு ஐந்தரை அடி இருக்காது, மயிரும் இருக்காது என்று டீச்சர் ஆரம்பித்தார். சங்கரம்மாள் அவர் கையை மெல்ல அழுத்தியதும் நிறுத்திக்கொண்டார். பதினான்கு வருட ஆசிரியர் வேலையில் ஒரு தவறான விடையை அவர் திருத்தாமல் விட்டது அன்றுதான்.

அந்த வருடம் கொரில்லா வால் இல்லாமல் தெருத்தெருவாகப் போயிற்று. அற்புதமணி சொன்னபடியே பிள்ளைகள் கரடி என்றார்கள். ஒவ்வொரு வாசலிலும் சிவனாண்டி முகமூடியைத் தூக்கி, இரண்டரைக் கோடி வருடத்திலிருந்து ஆரம்பித்து விளக்கினார். குழு எப்போதும் இரண்டு தெரு முன்னால் போய்க்கொண்டிருந்தது. துறைமுகத்தில் பாதிப் பேருக்கு அவரை அடையாளம் தெரிந்துவிட்டது.

தசரா முடிவில் நடக்கும் சூரசம்ஹாரத்துக்கு மறுநாள் குலசையில், காப்பைக் களைய வந்த கூட்டத்தில், உடன்குடிக் குழுவின் கொரில்லா ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. அதற்குத் தரையில் புரளும் வால்.

“அண்ணாச்சி, வால எங்க விட்டிய?”

சிவனாண்டி சொன்னார். முழுதும் சொன்னார். கேட்டவர் முகமூடியைக் கழற்றியபோது முகம் வேர்த்திருந்தது. அவர் நேர்ச்சைக்கு இது ஏழாவது வருடம், கடைசி வருடம்.

சிவனாண்டி காப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, சங்கரம்மாளைப் பார்த்தார். அவள் பொரிகடலை தின்றுகொண்டு நன்றாகத்தான் இருந்தாள். பிறகு உடன்குடிக்காரரின் தோளில் கை போட்டு, வயிற்றுக்குள் ஏழு வருடம் இருப்பதில் தப்பில்லை, சில பிள்ளைகள் தாமதமாகத்தான் பிறக்கும் என்று அவரைத் தேற்ற ஆரம்பித்தார்.