படாக் மரத்து பம்பர்

ஜீப்பின் பின்னால் தொங்கும் ஐந்தாவது சக்கரம் எப்போது தரையைத் தொடும் என்று முதல் மாதம் முழுக்கக் காத்திருந்தவன் நான். அப்படிப்பட்ட ஆள்தான் ஜீப்புக்குப் பாதுகாப்பு ஏற்பாடு செய்யக் கிளம்பினேன்.

அறுபதுகளில் போர்ட் பிளேரில் ஒரு மர கான்ட்ராக்டரிடம் குமாஸ்தா வேலை. அங்கே முதலில் ஒரு ஜீப், பிறகு இரண்டு; இரண்டுக்கும் ஒரே டிரைவர். தூத்துக்குடிக்காரர், என்னைவிட மூத்தவர், நான்கு பிள்ளைகள். பழைய ஜீப்புக்குக் கேன்வாஸ் கூரை, கதவுக்குப் பதில் சங்கிலி. அது ஒருநாள் டெலானிபூர் இறக்கத்தில் சுவரில் மோதி, மூக்கு அப்பளமாக நொறுங்கியது. டிரைவர் சட்டையைத் தட்டிக்கொண்டு இறங்கி வந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை, மூக்கைத்தான் பார்த்தேன். இதெல்லாம் ஒரு வண்டியா என்று அபர்டீன் பஜார் டீக்கடையில் தினமும் பிரசங்கம் செய்தேன்.

புது ஜீப் மெயின்லாண்டிலிருந்து கப்பலில் வந்தது. இரும்புக் கூரை, கதவுகள். எனக்கு அதுவும் போதவில்லை. படகு கட்டும் மேஸ்திரியைப் பிடித்து, ஆணி இறங்காத படாக் மரத்தில் ஒரு உத்தரத்தையே பம்பராகச் செதுக்கி, முன்பக்கம் சட்டத்தோடு சேர்த்து போல்ட் போட வைத்தேன். அலையைத் தாங்கும் மரம் எதையும் தாங்கும் என்பது எங்கள் இருவரின் கணக்கு. டிரைவருக்கும் பரம சந்தோஷம்.

“இனிமே மரம்தான் பாபு பயப்படணும்” என்றார். குமாஸ்தா என்பதால் அவருக்கு நான் பாபு. அந்தத் தைரியத்தில் கொஞ்சம் வேகமாகவே ஓட்டினார்.

மழைக்காலத்தில், வெட்டிய மரங்களை இழுத்துப்போகும் சேற்றுப் பாதையில் வண்டி வழுக்கி, நின்ற மரத்தில் நேராக மோதியது. சத்தம் கேட்டு ஓடினேன். பம்பரில் கீறல் இல்லை. விளக்குக் கண்ணாடிகூட உடையவில்லை. “பக்கா!” என்று கத்தியேவிட்டேன். பிறகுதான் உள்ளே பார்த்தேன். ஸ்டியரிங் வளைந்து அவர் நெஞ்சுக்குள் போயிருந்தது. வாயில் ரத்த நுரை.

எப்படியோ ஓடிக்கொண்டிருந்த அந்த மூக்கு நசுங்கிய பழைய ஜீப்பை வேறொருவர் ஓட்ட, அதில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைப்பாரா என்று கேட்டதும் டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். வராந்தாவில் டிரைவரின் மனைவி பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். அவர்களைத் தாண்டிப் போகும்போது என் செருப்புச் சத்தமே எனக்குப் பெரிதாகக் கேட்டது.

சில நாள் கழித்துக் கண் திறந்தார். டீக்கடையில் பிரசங்கம் செய்த என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

“வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்லண்ணே.”

அவர் மூச்சைச் சேர்த்துக்கொள்ள வெகுநேரம் ஆனது.

“எல்லாத்தையும் நான் வாங்கிட்டேன்லா, பாபு.”