பச்சைப் புள்ளி வைத்த பிரியாணி அண்டா

நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவன். அதில் நாலாம் வகுப்பை இரண்டு முறை படித்தேன், அவ்வளவு பிடித்திருந்தது. அதற்குப் பிறகு பார்த்த வேலைகளில் ஏழாவது, கடலூரில் ஒரு வாடகைப் பாத்திரக் கடை. கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் அண்டா, கரண்டி, அடுப்பு எல்லாம் எங்களிடமிருந்துதான் போகும். முந்தைய ஆறு வேலையும் போனதற்குக் காரணம் என் வாய். யார் எதைக் கேட்டாலும் "ஆயிடும் மாமா" என்று சொல்லிவிடுவேன். ஆகாது.

ஏழாவதும் போனால் கிள்ளை கிராமத்தில் மச்சானின் இறால் குட்டைக்குக் காவல் இருக்க வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. இறாலுக்கு நான் பயப்படவில்லை. மச்சானின் சிரிப்புக்குத்தான் பயம்.

கடை முதலாளி ஒரு அம்மா. என்னைவிடப் பத்து வயது சின்னவர். அதனால் மரியாதையாக 'அண்ணா' என்று கூப்பிட்டுவிட்டுத்தான் திட்டுவார். சேர்ந்த அன்றே, "அண்ணா, உங்களுக்கு மூள இல்லன்னு எல்லாரும் சொன்னாங்க. பரவால்ல, தூக்க கை இருந்தா போதும்" என்றார். வாடிக்கைக்காரர்களுக்கும் அதே மரியாதைதான். "முன்னூறு பேருக்கு இந்த அண்டா போதும்ங்கறீங்க. உங்க சொந்தக்காரங்க சோறு திம்பாங்களா, மோந்து பாத்துட்டுப் போவாங்களா?" என்று கேட்பார். அவர்கள் முறைப்பார்கள். ஆனால் பெரிய அண்டாவைத்தான் எடுத்துப் போவார்கள்.

கடையில் ஒரு சட்டம் உண்டு. சைவச் சமையலுக்குப் போகும் அண்டாவின் கைப்பிடிக்குக் கீழே பச்சைப் புள்ளி இருக்கும். பிரியாணிக்குப் போவதில் சிவப்பு. திருவந்திபுரம் கோயிலில் தாலி கட்டுகிறவர்களுக்குப் பச்சை, லால்பேட்டை நிக்காவுக்குச் சிவப்பு. இரண்டையும் ஒரே அறையில்கூட வைக்கக் கூடாது.

"அண்டாவுக்கு வாய் இருக்கு, நாக்கு இல்லியேம்மா. அதுக்கு என்னா தெரியப் போவுது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அண்டாவுக்குத் தெரியாது. சாப்புடுறவனுக்குத் தெரியும். உங்களுக்கு எதுவும் தெரியாது. போய்க் கழுவுங்க."

ஒரு ஆவணி மாசம். அம்மா பேங்குக்குப் போயிருந்தபோது சிதம்பரத்திலிருந்து போன் வந்தது. பேசியவர் கல்யாணப் பெண்ணின் தாய்மாமன். திருவந்திபுரத்தில் கல்யாணம், பக்கத்து மண்டபத்தில் சாப்பாடு, எட்டு அண்டா வேண்டும். "சுத்த சைவம்பா. எங்க அக்கா வூட்டுல முட்டகூட வாங்க மாட்டாங்க."

"ஆயிடும் மாமா."

போனை வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அதே முகூர்த்தத்துக்கு இன்னொரு வீட்டுக்கும் ஆயிடும் என்று சொல்லியிருந்தேன். பச்சையில் நாலு அண்டா குறைந்தது.

அன்றைக்கே அம்மாவிடம் சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு முடிந்திருக்கும். நான் கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்வரை சும்மா இருந்தேன். பிறகு, அம்மா சாப்பிடப் போன நேரத்தில், நாலு சிவப்பு அண்டாவை எடுத்துப் புளியும் சாம்பலும் போட்டு, என் முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்தேன். தெரிந்த முகம் நன்றாக இல்லை. அண்டா நன்றாக இருந்தது. சிவப்பின் மேல் பச்சை பெயிண்டை அடித்துக் காய வைத்தேன்.

அம்மா வந்தார். "அண்ணா, காதுல என்ன பச்சை?"

தொட்டுப் பார்த்தேன். ஈரம். "அழகுக்கு வச்சதும்மா" என்றேன்.

அவர் கத்தவில்லை. அந்த நாலில் ஒன்றை அடுப்பில் ஏற்றி, தண்ணீர் ஊற்றி மூடினார். ஆவி வந்ததும் மூடியைத் திறந்தார். "மோந்து பாருங்க."

பட்டை, கிராம்பு, ஆட்டுக் கொழுப்பு. தண்ணீரின் மேல் எண்ணெய் பொட்டுப் பொட்டாக மிதந்தது. வாசனை நல்லாத்தானே இருக்கு என்று சொல்ல வாயைத் திறந்தேன், மூடிவிட்டேன். என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. யாருக்கு என்று அவர் கேட்டதும் சிதம்பரத்து போனைச் சொன்னேன்.

"அவுங்க வூட்டுக்குப் போயி நேர்ல சொல்லிட்டு வாங்க" என்றார் அம்மா.

"நாலு அண்டா இல்லன்னு சொல்லிடறேன்."

"பிரியாணி அண்டாவுல பச்ச அடிச்சுக் குடுக்கப் பாத்தேன்னும் சொல்லணும்."

"அது வேணாமேம்மா."

"நீங்க பெயிண்ட் அடிச்சத நம்ம லோடுமேனுங்க நாலு பேரு பாத்திருக்கானுங்க. அவனுங்க சொல்லித் தெரியறதவிட நாம சொல்லித் தெரியட்டும்."

"வேல இருக்காம்மா எனக்கு?"

"மொதல்ல போய்ட்டு வாங்க."

சிதம்பரம் பஸ்ஸில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

தாய்மாமன் கூடத்தில் உட்கார்ந்து தாம்பூலப் பைகளில் தேங்காய் போட்டுக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். கையில் எடுத்த தேங்காயை அவர் பையில் போடவில்லை. நான் தலையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டேன்.

"ஏன்யா, நீ சோறுதான் திங்கிறியா?"

"ஆமா மாமா."

"மாமான்னு கூப்புடாத."

"சரிங்க."

உள்ளேயிருந்து பெண்ணின் அம்மா வந்தார். எல்லாவற்றையும் கேட்டிருப்பார் போல. சத்தமே போடாமல் கேட்டார்: "மீதி நாலு அண்டா?"

"அது நெசமாவே பச்சைங்க. அதுல கறி பட்டதே இல்ல."

"அத நாங்க எப்புடி நம்புறது?"

நான் கெடுத்தது நாலு அண்டாவை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

தெருவில் நின்று அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அங்கயே நில்லுங்க" என்று வைத்துவிட்டார்.

சிதம்பரத்தில் இன்னொரு பாத்திரக் கடைக்காரர் இருந்தார். "உங்க அண்டாவுல சோறு நிக்காது, ஒழுவிடும்" என்று அம்மா அவர் முகத்துக்கு நேரே சொல்லி, மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவருக்குத்தான் அம்மா போன் செய்திருக்கிறார். சாயங்காலத்துக்குள் அவர் கடையிலிருந்து எட்டுப் புது அண்டா, வீட்டார் கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும் என்று, அந்த வீட்டு வாசலிலேயே இறங்கியது. நான்தான் பிடித்து இறக்கினேன். யாரும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை.

கடலூர் திரும்பியதும் அம்மாவிடம் கேட்டேன். "அந்தக் கடைக்காரரு என்னம்மா சொன்னாரு?"

"அரமணி நேரம் சொன்னாரு. கேட்டுக்கிட்டேன்."

யார் பேச்சையும் அரை நிமிஷம் கேட்காதவர் அம்மா. எனக்குத் தலை நிமிரவில்லை.

"நாளைக்கு ஆறு மணிக்கு லோடு இருக்கு. லேட்டா வராதீங்க" என்றார். வேலை இருக்கிறது என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

அந்த வீட்டிலிருந்தோ அவர்களின் உறவுக்காரர்களிடமிருந்தோ இதுவரை எங்களுக்கு ஓர் ஆர்டரும் வந்ததில்லை. அந்தத் தெரு வழியாக எங்கள் வண்டி போகும்போது தாய்மாமன் வாசலில் நின்றால் நான் குனிந்துகொள்வேன். ஒருமுறை வண்டியில் அம்மாவும் இருந்தார்.

"எதுக்குக் குனியறீங்க? தப்ப செஞ்சதும் நீங்க, போயி சொன்னதும் நீங்க. நிமிந்து உக்காருங்கண்ணா."

இப்போது நிமிர்ந்து உட்கார்கிறேன். தாய்மாமன் என்னைப் பார்ப்பார், நானும் அவரைப் பார்ப்பேன். இதுவரை அவர் சிரித்ததில்லை.