அம்சவள்ளி மறைத்த இரை

மலேசியாவில் ஜெராம் பக்கத்து எஸ்டேட்டில் எண்ணெய்க்கான செம்பனையின் உதிரிப்பழம் பொறுக்கும் அம்சவள்ளிக்கு, ஞாயிறு என்றால் மூங்கில் தூண்டிலும் வாய்க்கால் மதகும்தான். 1985இல் எஸ்டேட் கணக்குப் பார்க்கும் கிராணி சேது கிள்ளானில் ரீல் வைத்த தூண்டில் வாங்கி வந்து அந்த மதகைக் கேட்டார்.

“மத்தியானத்துக்குள்ள யாரு அதிகமா புடிக்கிறாங்களோ, இடம் அவங்களுக்கு.”

“தோத்தா கோவிச்சுக்கக் கூடாது, கிராணி ஐயா!”

சேது இரையாக வீசிய பிளாஸ்டிக் மீன் எதிர்க்கரைப் பனைமட்டையில் மாட்டியது. அம்சவள்ளியோ பழுத்த செம்பனைப் பழத்தைக் கைக்குள் மறைத்துத் தூண்டில் முள்ளில் குத்தினாள். லம்பாம் மீனுக்கு அதன்மேல் அப்படியொரு ஆசை. பதினொரு மணிக்குள் ஐந்து மீன்கள் சிக்கின.

“என்னம்மா இரை போடுற?”

“பெலாச்சான் லா. உள்ளங்கையில நல்லா உருட்டணும்.”

சேது மோட்டார் சைக்கிளில் பறந்துபோய், நாறும் இறால் விழுதான பெலாச்சானை வாங்கி வந்து உருட்டினார். மீன் வரவில்லை, தொழிலாளர் லயத்துப் பூனைகள் வந்தன. அவர் தினமும் தராசில் நிறுக்கும் பழம் காலடியிலேயே சிதறிக் கிடந்தது.

மத்தியானம் மதகிலிருந்து இறங்கும்போது கையை முகர்ந்து பார்த்தார்.

“பெலாச்சான் பழசோ?”

“ஆமாங்கய்யா. அடுத்த வாரம் புதுசா வாங்கிக்கிட்டு அக்கரையில உக்காருங்க.”