சமர் முடியும்வரை

நான் ஒரு விசரன், சரியான பைத்தியம். என்ரை மனுசி சொல்லி நீங்கள் அறிய முன்னம் நானே சொல்லிவிடுகிறேன். ஒரேயொரு சொல்லைப் பிழையாக விளங்கிக்கொண்டு, ரொறொன்ரோவில் இருந்த திருவிழா அத்தனைக்கும் ஒரு அப்பாவிப் பெண்ணை இழுத்துத் திரிந்தவன் நான். அதுவும் பஸ்சில்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடியில் எங்கள் ஒற்றை அறை வீடு. நான் எண்பதுகளிலேயே வந்து சேர்ந்தவன். கேக் பக்டரியில் கேக்குக்கு மேலே கிறீம் பூசுவது தொழில். ஊருக்கு எழுதும்போது மட்டும் அது ‘உணவு உற்பத்தித் துறை’. அவள் அந்த மாரிக் குளிரில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வழியாக வந்து என்னைக் கட்டினாள். எயார்போட்டில் என்னைக் கண்டதும் அவள் சொன்ன முதல் வசனம், “படத்திலை தலைமயிர் கூட இருந்தது.”

“படம் எடுக்கேக்கை இருந்தது” என்றேன்.

வந்த அன்றே ஒரு நீலப் பையை வாசல் கதவடியில், சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். அதற்குள் ஒரு மாற்றுடுப்பு, பாஸ்போட், ரோர்ச் லைற், ஒரு பக்கற் பிஸ்கற். பனி கரைந்து முடிந்தும் பை அசையவில்லை. பிஸ்கற் மட்டும் அவ்வப்போது புதிதாகும். பழையதைத் தின்பது நான்.

“உதை அலுமாரிக்குள்ளை வைச்சால் என்ன?”

“உது உங்களை என்ன செய்யுது?”

அவளுடைய தாய் ஊரில் தனியே இருந்தா. வீட்டை விட்டு வரமாட்டன் என்று நின்றுவிட்டா. ரெலிபோன் இல்லை. கடிதம் வந்தாலும் பழங்கதையாகித்தான் வரும். அங்கே பட்டது எதையும் இவள் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. கேட்கப் பயமாக இருந்தால் பகிடி விடுவது என் பழக்கம். ஆகவே அந்த வருஷம் நான் நிறையப் பகிடி விட்டேன்.

மே மாதத்தில் ஒருநாள், சாப்பிடும்போது அப்படித்தான் கேட்டேன். “என்னப்பா, பையும் கையுமா இருக்கிறீர். என்னை விட்டிட்டு அம்மாட்டைப் போற பிளானோ?”

அவள் சிரிக்கவில்லை. “சமர் முடியட்டும். முடிஞ்ச கையோடை போயிடுவன்.”

கோடையை இங்கே நாங்கள் எல்லாரும் சமர் என்றுதான் சொல்வோம். “சமர் வந்திட்டுது அண்ணை, ஜக்கெற்றைக் கழட்டுங்கோ” என்று பக்டரிப் பெடியள் கத்துவார்கள். தமிழ்க் கடைக் கண்ணாடியில் ‘சமர் மலிவு விற்பனை’ என்று ஒட்டியிருக்கும். என் கணக்குத் தெளிவாக இருந்தது. செப்டெம்பரில் இலை நிறம் மாற, மனுசி போய்விடுவாள். அதற்குள் இந்த நாட்டை அவளுக்குப் பிடிக்கவைக்க வேண்டும். அவளுக்கு ஞாபகம் வரக்கூடாதென்று வீட்டில் அந்தச் சொல்லையே நான் வாயில் எடுக்காமல் விட்டேன். ‘வெயில் காலம்’ என்று செய்தி வாசிப்பவன்போலப் பேசினேன்.

என்னை மாத்திரம் காட்டினால் அவள் மனம் மாறாது என்று தெரியும். அதனால் திருவிழாக்களைக் காட்டப் புறப்பட்டேன். எனக்கே அவை புதிது. அத்தனை வருஷமும் கிறீம் பூசியதைத் தவிர இந்த நகரத்தில் நான் கண்டது எதுவுமில்லை.

இத்தாலியர்கள் தங்கள் புனிதரைத் தோளில் காவி வரும் ஊர்வலத்துக்குப் போனோம். முன்னால் பாண்ட் வாத்தியம். சிலையைக் கண்டதும் அவள் செருப்பைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு, கொதிக்கிற தாரில் வெறுங்காலோடு பின்னால் நடந்தாள். நான் இரண்டு சோடிச் செருப்போடு நடந்தேன், ஒன்று காலில், ஒன்று கையில். கறுப்புடுப்புப் போட்ட மனுசி ஒருத்தி அவளுக்கு ஒரு மெழுகுதிரி கொடுத்தாள். ‘அடி சக்கை, நாடு பிடிச்சிட்டுது’ என்று நான் உள்ளுக்குள் துள்ளினேன். வீட்டுக்கு வந்ததும் மெழுகுதிரி நேரே நீலப் பைக்குள் போனது.

பிறகு கரீபியன்காரரின் இறகு ஊர்வலம். ஆடுகிற பெண்களைப் பார்த்து, “உவைக்குக் குளிராதோ?” என்று மட்டும் கேட்டாள். அது யூலை வெயில்.

கடைசியில் துருப்புச்சீட்டாக றிச்மண்ட் ஹில் கோயில் திருவிழாவை இறக்கினேன். அதற்கு மட்டும் பக்டரி நண்பர் ஒருவரின் காரில் போனோம். சாமி வந்தது, மேளம் வந்தது, எனக்கே கண் கலங்கியது. அவளோ சாமியைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஆரைத் தேடுறீர்?”

“ஊரிலையிருந்து புதுசா வந்தவை ஆரும் நிக்கினமோ எண்டு.”

ஒருத்தி அகப்பட்டாள். இரண்டு பேரும் ஒதுங்கி நின்று கதைத்தார்கள். திரும்பி வந்தவளிடம் என்ன என்று கேட்டேன். “எங்கடை பக்கத்துச் சனம் எல்லாம் வீடுவாசலை விட்டு எழும்பிட்டுதாம். அம்மா எழும்பினவவோ தெரியாதாம்.” காரில் நான் ஒரு பகிடி தொடங்கினேன். நண்பரே றேடியோச் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

ஓகஸ்ட் முடியப்போகிறது, பை கதவடியிலேயே இருக்கிறது. அந்தத் தவிப்பில்தான் ஏரிக்கரைக் கானிவலுக்குக் கூட்டிப்போனேன். பெரிய ராட்டினச் சில்லில் ஏறினோம், கச்சான் கடலை வாங்கினோம். முதல்முறையாக அவள் சிரித்தாள், அங்கே காட்சிக்குக் கட்டியிருந்த ஒரு மாட்டைப் பார்த்து. அந்தச் சிரிப்பில் மயங்கிப்போய்ச் சொன்னேன், “இன்னும் கொஞ்சத்திலை பிளேன் ஓட்டிக் காட்டுவாங்கள். நல்ல வடிவாம்.” நான் நாட்டை விட்ட காலத்தில் பிளேன் குண்டு போட்டு நான் கண்டதில்லை. எனக்குப் பிளேன் என்றால் என்னைக் காப்பாற்றிக் கொண்டுவந்த சாமான்.

சத்தம் வந்த பிறகுதான் பிளேன் வந்தது. சனம் கைதட்டியது. என் கொலரை யாரோ பிடித்து இழுக்க, நான் நிலத்தில் கிடந்தேன். “பொம்மர்! தவழுங்கோ!” என்று கத்திக்கொண்டே அவள் என்னை ஒரு மரமேசைக்குக் கீழே தள்ளினாள்.

மேசைக்குக் கீழே ஏற்கெனவே ஆள் இருந்தது. சேலை, அதற்கு மேலே ஜக்கெற், காலில் ஓட்டச் சப்பாத்து. முன்பின் தெரியாத, எங்கடை ஊர் அன்ரி ஒருத்தி.

“பிள்ளை, காலை உள்ளுக்கு இழு” என்றா அவ. பிறகு என்னைப் பார்த்து, “தம்பி, உம்மடை பின்பக்கம் வெளியிலை நிக்குது.”

மேசையில் இருந்து உருளைக்கிழங்குப் பொரியல் தின்றுகொண்டிருந்த வெள்ளைக்காரர் குனிந்து, எல்லாம் சரிதானா என்று கேட்டார். கண்ணாடி விழுந்துவிட்டது, தேடுகிறோம் என்றேன். கண்ணாடி என் மூக்கிலேயே இருந்தது. அவர் நல்ல மனுசன், அதைச் சொல்லவில்லை.

எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. திரும்பினேன். அவள் இரண்டு கையாலும் என் தலையை மூடிப் பிடித்திருந்தாள், தன் தலையை அல்ல. வானம் அமைதியாகும்வரை அப்படியே இருந்தோம். நான் பகிடி விடவில்லை.

பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தோம். கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் பட்டது பைதான். இனி ஒளித்து என்ன பயன் என்று தோன்றியது.

“இஞ்சரும், சமர் முடியப்போகுது. நீர் போறதெண்டால் நான் மறிக்கமாட்டன்.”

சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். அப்படி ஒரு முகத்தை அதற்கு முன் அவளிடம் நான் கண்டதில்லை. விளக்குப் போட்டதுபோல இருந்தது. “மெய்யோ? ஆர் சொன்னது? றேடியோவிலை சொன்னவையோ? அப்ப அம்மா...”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஊரை விட்டபோது சண்டைக்குச் சண்டை என்றுதான் பெயர். எனக்குப் பிறகு அங்கே பேப்பரும் றேடியோவும் அதைச் சமர், சமர் என்று சொல்லிச் சொல்லி, அதுவே சனத்தின் வாயிலும் வந்துவிட்டது. அவள் சொன்னது அந்தச் சமர். நான் கேட்டது இந்த வெயில்.

“இல்லையப்பா,” என்றேன், “நான் சொன்னது... வெயில் காலத்தை. இஞ்சை அதைத்தான் சமர் எண்டுறவை.”

அவள் முகத்தில் அந்த வெளிச்சம் அணைவதை நின்று பார்த்தேன். அந்த நேரத்தில் என் மனதுக்குள் ஓடியது என்ன தெரியுமா? ‘அப்ப இவள் இப்போதைக்குப் போகமாட்டாள்.’ ஊரில் சண்டை முடியவில்லை என்று உலகத்திலேயே ஆறுதல்பட்ட ஒரே யாழ்ப்பாணத்தான் நானாகத்தான் இருப்பேன். அதை அவள் கண்டிருப்பாளோ என்று இன்றுவரை தெரியாது.

எதையாவது சொல்லவேண்டும்போல இருந்தது. பகிடியும் வரவில்லை. குனிந்து நீலப் பையின் பிடியில் கை வைத்தேன்.

“அப்ப இதை அலுமாரிக்குள்ளை வைக்கட்டோ?”

“அது அங்கையே இருக்கட்டும்.”