நான் தின்ற ஆறு வரிசைகள்

உயிர்மெய் எழுத்துகளில் ஆறு வரிசைகளை நான் தின்றிருக்கிறேன். அலங்காரப் பேச்சு இல்லை. காகிதத்தோடு, சாக்லேட் பாலில் தொட்டுத் தொட்டு. எனக்கு அப்போது எட்டு வயது. அமெரிக்காவில், காப்பெல் என்ற ஊரில் ஓர் அபார்ட்மென்ட்டின் இரண்டாவது மாடியில் இருந்தோம்.

எல்லாம் எதிர்வீட்டு ஆண்ட்டி சொன்ன கதையால் வந்தது. மேகாலயாவின் காரோ மலைக்காரர், நர்ஸ். வேலூரில் நர்சிங் படித்தவர் என்பதால் தமிழ் நன்றாகப் பேசுவார், ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. நீ, நீங்க வித்தியாசமெல்லாம் அவரிடம் கிடையாது. என் அப்பாவையே "அண்ணா, நீ சாப்ட்டியா?" என்பார். "ஆச்சும்மா" என்பார் அப்பா. ஆண்ட்டி வீட்டில் கருவாடு கொதிக்கும் நாட்களில் மட்டும், "இன்னும் இல்லம்மா."

பள்ளி விட்டு அம்மா வரும்வரை நான் ஆண்ட்டி வீட்டில்தான். அன்று வெள்ளிக்கிழமை. மறுநாள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் தேர்வு: க முதல் னௌ வரை பார்க்காமல் சொல்ல வேண்டும். தவறினால் தம்பியின் வகுப்பில் போய் உட்கார வேண்டும். போதாததற்கு என் வகுப்புக்கு டீச்சர் அம்மாவேதான். "டீச்சர் பொண்ணே ஃபெயில் ஆனா என் மூஞ்சிய எங்கடி வெச்சுக்கறது?" என்று காலையிலேயே கேட்டிருந்தாள்.

ஆண்ட்டியிடம் புலம்பினேன். கீரை நறுக்கிக்கொண்டே சொன்னார்: "எங்க ஆளுங்களுக்கும் எழுத்து இருந்துச்சு. தோல்ல எழுதி வெச்சிருந்தாங்க. திபெத்லேர்ந்து நடந்து வர்றப்போ ஒரே பசி. வேகவெச்சு சாப்ட்டுட்டாங்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாம் போச்சு."

பிறகு நடந்ததையும் சொன்னார். அவர்கள் ஆட்களில் ஒரு மாமனும் மருமகனும் வெள்ளைக்காரர்களிடம் சிப்பாய்களாக இருந்தார்கள். காலியாகக் கிடந்த ஒரு மிஷன் வீட்டுக்குக் காவல் நின்ற மருமகன், தரையில் கிடந்த, வேற்று மொழியில் அச்சான ஒரு கிறிஸ்தவத் துண்டுப் பிரசுரத்தை எடுத்துப் படித்தான். அந்தக் காகிதத்தால் இருவரும் கிறிஸ்தவர்களாகி, மலைக்குத் திரும்பித் தங்கள் ஜனங்களிடம் சொன்னார்கள். சபை உண்டானது. பின்னாலேயே அமெரிக்காவிலிருந்து மிஷனரிகள் வந்தார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள், போகப்போக காரோ மொழி ஏபிசிடியில் எழுதப்பட்டது. இதோ என்று தன் ஞானப்பாட்டுப் புத்தகத்தை விரித்தார். ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாமல் ஒரு பக்கம் முழுவதையும் கடகடவென்று வாசித்தேன்.

இப்போது கல்லூரியில் இதையெல்லாம் தேடித் தேடிப் படிக்கிறேன். தோல் கதை காரோக்கள் வழிவழியாகச் சொல்லிவருவது. மாமனும் மருமகனும் நிஜமாகவே இருந்தவர்கள். எட்டு வயதில் எனக்குப் புரிந்தது வேறு: எழுத்தைத் தின்றுவிட்டால் அமெரிக்கா வந்து இருபத்தாறு மட்டும் கொடுக்கும்!

ஆண்ட்டி குளிக்கப் போனதும் பாடப் புத்தகத்தின் உயிர்மெய்ப் பக்கத்தைக் கிழித்தேன். க, ங, ச, ஞ, ட, ண. ஙௌவை மட்டும் தனியாகக் கிழித்து, பழிதீர்க்கிற மாதிரி மென்றேன். த வரிசைக்கு வந்தபோது பால் தீர்ந்துவிட்டது. மிச்சத்தைக் குப்பைத் தொட்டியில் போட்டு, மேலே கீரைத் தண்டுகளைப் பரப்பினேன்.

ஆண்ட்டியின் கண்ணுக்குத் தப்பவில்லை. தாளை வெளியே எடுத்தார். மேலே பல் பட்ட விளிம்பு. மேசையில் பால் சொட்டு. என் உதட்டோரம் ஒரு துணுக்கு. என்னையே பார்த்தார்.

"பசியா?"

"ஆண்ட்டி, ஐ'ம் ஸாரி. அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க, ப்ளீஸ்."

திட்டவில்லை. தாளைத் துணியால் ஒற்றியெடுத்து மேசைமேல் விரித்தார். கிழிந்த விளிம்புக்கு மேலே, வெறும் மேசையில் விரலை வைத்தார்.

"இங்க என்ன இருந்துச்சு?"

"க."

"சொல்லு."

சொன்னேன். தின்ற ஆறு வரிசைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, ஙௌ உட்பட. எனக்கே ஆச்சரியம். விரல் காகிதத்துக்கு இறங்கியதும் நான் சொல்லச் சொல்ல அவரும் சேர்ந்துகொண்டார், த, தா, தி என்று, எழுத்துக்கு எழுத்து தொட்டுக்கொண்டே. ழ வரிசையில் இருவருமே தடுக்கி விழுந்து சிரித்தோம். னௌ வந்ததும் என் வயிற்றில் லேசாகத் தட்டினார்.

"தின்னும் போகலியே, பாரேன்!"

அவர் கண்கள் நனைந்திருந்தன. நறுக்கியது கீரைதானே, வெங்காயம்கூட இல்லையே என்று நினைத்துக்கொண்டு டிஷ்யூ எடுத்துக் கொடுத்தேன். அந்தத் தாளை மடித்து ஞானப்பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் தேர்வில் ஓர் எழுத்தும் தவறவில்லை. அம்மா வழியெல்லாம் காரில் பாடிக்கொண்டு வந்தாள். எனக்குத்தான் நிம்மதியில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னலோரம் நின்று பார்த்தேன். ஆண்ட்டி நல்ல உடை உடுத்தி, அந்தப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சர்ச்சுக்குக் கிளம்பினார்.

அம்மாவிடம் சொல்லாதீர்கள் என்றுதானே கேட்டிருந்தேன். கடவுளிடம் போட்டுக்கொடுக்கத்தான் அந்தத் தாளை எடுத்துப்போகிறார் என்று நிச்சயமாக நம்பினேன்.