ஓப்பலின் விரல்கள்

ஓப்பல் ராட்லிஃப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். சனிக்கிழமையானால் பிடிலைத் தூக்கிக்கொண்டு தீயணைப்பு நிலையத்துக் கூடத்துக்குப் போய்விடுவாள். புருஷன் டெல்மர் பாஞ்சோ என்கிற தந்தி வாத்தியம் வாசிப்பான், அவன் சித்தப்பா மகன் ரூஃபஸ் கிட்டார். இந்த மூன்று பேரும் வாசித்தால், வாரமெல்லாம் வர்ஜீனியா மலைச் சுரங்கத்துக்குள் குனிந்து கிடந்தவன்கூட எழுந்து ஆடுவான். ஆட்டத்தை இழுத்துக்கொண்டு போவது பிடில்தான் என்பது ஊருக்கே தெரியும். டெல்மருக்கும் தெரியும்.

அந்த வருஷம் ஆப்பிள் பறிக்கிற சமயத்தில் நகரத்து வானொலி நிலையம் ஒன்று அவர்களை வாசிக்கக் கூப்பிட்டது. ஓப்பல் நீலத் துணி வாங்கிப் புது கவுன் தைத்து வைத்தாள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே டெல்மர், நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்களாம் என்றான். அவன் சொல்லி அவள் நம்பாதது என்று அதுவரை எதுவும் இருந்ததில்லை.

சனிக்கிழமை காலையில் டெல்மர், ரூஃபஸ் வீட்டுக் கூரைக்குத் தார் பூச வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். ஓப்பல் நாத்தனார் லூரீன் வீட்டுக்குப் போய் அண்டாவில் ஆப்பிள் ஜாம் கிண்டிக்கொண்டிருந்தாள். வானொலியில் பாஞ்சோ ஒலித்தது. இரண்டு மீட்டலிலேயே அது யார் கை என்று தெரிந்துவிட்டது. கூடவே யாரோ ஒருவனின் பிடில். பிசகில்லாமல்தான் வாசித்தான்.

பாட்டு முடிந்ததும், உங்கள் மனைவிதானே வழக்கமாக வாசிப்பார் என்று அறிவிப்பாளர் கேட்டார்.

"பாவங்க, அவளுக்கு விரல் மடங்க மாட்டேங்குது. வேற ஆளைப் பாத்துக்கோங்கன்னு அவளேதான் சொன்னா," என்றது டெல்மரின் குரல்.

லூரீன் வானொலியை அணைத்தாள். திருப்பிப் போடச் சொல்லி, ஓப்பல் கடைசிவரை கேட்டாள். அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டேயிருந்தாள்.

சாயங்காலம் டெல்மர் வந்தான். சட்டையில் பொட்டுத் தார் இல்லை. கேட்டதும் ஒளிக்கவில்லை. மூன்று பேரும் ஆம்பளையாக இருந்தால்தான் சரி என்று நிலையத்துக்காரன் சொல்லிவிட்டான், இதை விட்டால் இன்னொரு தடவை கூப்பிடுவார்களோ என்னவோ என்று இழுத்தான்.

"நீ போனதுகூடப் பரவால்ல, டெல்மர். என் விரலை எதுக்கு முடமாக்கின?"



அடுத்த சனிக்கிழமை கூடத்தில் ஆளாளுக்கு அவள் கையைப் பிடித்து வருத்தப்பட்டார்கள். போதகரின் மனைவி தைலக் குப்பி கொண்டுவந்திருந்தாள். வானொலியில் கேட்டதைவிட இதைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது. குப்பியை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னாள். மேடையேறிச் சுருதி சேர்த்தாள். டெல்மர் பாஞ்சோ பெட்டியைத் திறந்தான். அவள் அவன் பக்கம் திரும்பாமல், ஆடுகிறவர்களுக்கு அடுத்த அடியைக் கூவிச் சொல்லுகிறவரிடம், "இன்னிக்குப் பிடில் மட்டும் போதும்," என்றாள். ஆடினவர்கள் ஓய்ந்துபோய் உட்காரும்வரை ஒற்றை ஆளாக வாசித்தாள். கையைப் பற்றி யாரும் அப்புறம் பேசவில்லை. டெல்மர் பெட்டியை மூடி இறங்கிப்போனான்.

அவள் அவனைவிட்டுப் போய்விடவில்லை. அதே வீடு, தேவாலயத்தில் அதே பெஞ்சு. ஆனால் அவனோடு வாசிப்பது அன்றோடு நின்றது. அவன் வீட்டில் பாஞ்சோவை எடுத்தால் கோழிகளைப் பார்க்க எழுந்து போய்விடுவாள். வானொலிக்காரர்கள் அவனை மறுபடி கூப்பிடவேயில்லை. சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மனைவி ஐடெல்லா, கிட்டார் பழகி, ரூஃபஸின் இடத்தில் ஓப்பலோடு சேர்ந்துகொண்டாள்.

வயதாகி ஓப்பலுக்குக் கண் மங்கிய பிறகு டெல்மர்தான் அவளைக் கூடத்துக்கு வண்டியில் கொண்டுவந்து விடுவான். உள்ளே வராமல் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பான். பனி கொட்டிய ஒரு நாள் ஐடெல்லா மனசு கேட்காமல், அவரை உள்ளே கூப்பிடட்டுமா என்றாள்.

"வண்டி ஜன்னல் தெறந்துதான் இருக்கு. அங்கேயே கேக்கும்," என்றாள் ஓப்பல்.